பாவு யாருடையது? சேலத்தை மார்க்சியமாக வாசிக்கும் முறை

சேலத்தின் அம்மாப்பேட்டையிலோ குகையிலோ பொன்னம்மாப்பேட்டையிலோ ஒரு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் குழித்தறி இருக்கும். தறி அவருடையது. குழி அவர் வீட்டுத் தரையில் வெட்டியது. மிதிப்பது அவர் கால். ஓரமாக உட்கார்ந்து நாடாவுக்கு நூலைத் தாராகச் சுற்றுவது அவர் மனைவியோ அம்மாவோ. இதைப் பார்த்துவிட்டு ‘சொந்த வீடு, சொந்தத் தறி, சுயதொழில்’ என்று எழுதிக்கொண்டு போகிற கணக்கெடுப்பாளர் பொய் எழுதவில்லை. ஆனால் ஒரு கேள்வியை அவர் கேட்கவில்லை. தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் நூல், அதாவது பாவு, யாருடையது?

பெரும்பாலும் அது ஜவுளி முதலாளியுடையது. பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் அவர் கொடுத்தவை, டிசைன் அவர் சொன்னது, நெய்து இறக்கிய சேலை அவரிடமே போகும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வரும். இந்தக் கேள்வியைக் கேட்டதும் ‘சுயதொழில்’ என்ற சொல் ஆட்டம் காண்கிறது. உற்பத்திக் கருவி ஒருவரிடமும் மூலப்பொருள் இன்னொருவரிடமும் இருக்கும்போது அங்கே நடப்பது என்ன உறவு? மார்க்சிய வரலாற்றியல் கொடுக்கும் கருவிகளில் மிகக் கூர்மையானது இப்படிப்பட்ட கேள்விதான். சேலத்தில் அது எங்கெங்கே வெட்டுகிறது, எங்கே மழுங்குகிறது என்று பார்க்கலாம்.

தமிழில் பலருக்கு மார்க்சியம் கேள்வியாக அறிமுகமாகவில்லை, ஏணியாகத்தான் அறிமுகமானது. ஆதிப் பொதுவுடைமை, அடிமைச் சமூகம், நிலப்பிரபுத்துவம், முதலாளித்துவம், சோசலிசம் என்று ஐந்து படி. இந்த வரிசையை 1938இல் ஸ்டாலின் வாய்ப்பாடாக்கினார். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் அச்சிட்டு அனுப்பிய தமிழ் நூல்கள் வழியே அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓர் ஊருக்குள் போனால், ஊர் எந்தப் படியில் நிற்கிறது என்று தீர்ப்பு எழுதுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. சேலம் எந்தப் படி? இரும்பாலையைப் பார்த்தால் ஒரு பதில், கிராமங்களை ஏலத்தில் எடுத்த பழைய மிட்டாதார் வீட்டைப் பார்த்தால் இன்னொரு பதில், ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள மலைக் கிராமத்தைப் பார்த்தால் மூன்றாவது பதில்.

மார்க்சே இந்த ஏணியை ஏற்றுக்கொண்டவரல்ல. 1877இல் ஒரு ரஷ்ய இதழுக்கு எழுதி, அனுப்பாமலே வைத்துவிட்ட கடிதத்தில், மேற்கு ஐரோப்பாவில் முதலாளித்துவம் பிறந்த கதையை எல்லா மக்களுக்கும் விதிக்கப்பட்ட பொதுப் பாதையாக மாற்றுவதைக் கண்டிக்கிறார். 1881 மார்ச்சில் ரஷ்யப் புரட்சியாளர் வேரா சசூலிச்சுக்கு எழுதிய பதிலிலும் ‘மூலதனம்’ சொல்லும் வரலாற்றுத் தவிர்க்க முடியாமை மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டுமே உரியது என்று வெளிப்படையாகவே வரம்பு கட்டுகிறார். இந்த இரண்டு கடிதங்களையும் படிக்காமல் இந்திய வரலாற்றுக்குள் ‘மார்க்சியப் பார்வை’யோடு இறங்குவது ஆபத்து.

அதே மார்க்ஸ் 1853இல் இந்தியாவைப் பற்றி எழுதியபோது சறுக்கியும் இருக்கிறார். நியூயார்க் டெய்லி டிரிபியூன் கட்டுரைகளிலும், பிறகு ‘மூலதனம்’ முதல் தொகுதியிலும் அவர் வரைந்த இந்தியக் கிராமம் தன்னிறைவானது, அசையாதது. உழவரும் தச்சரும் கொல்லரும் குயவரும் வண்ணாரும் ஒரு வேலிக்குள் அடங்கிய சிறு உலகம். அந்தச் சித்திரம் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் எழுத்திலிருந்து வந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் 1812ஆம் ஆண்டு ஐந்தாவது அறிக்கையும் மார்க் வில்க்ஸின் தென்னிந்திய வரலாறும் அதற்கு அடிப்படை. மார்க்சிய வரலாற்றாசிரியர் டி.டி. கோசாம்பி 1956இல் இதற்குச் சொன்ன மறுப்பு அழகானது, ஏனென்றால் அது சமையலறையிலிருந்து வருகிறது. பெரும்பாலான கிராமங்களில் உப்பும் உலோகமும் விளைவதில்லை, இரண்டும் இல்லாமல் எந்தக் கிராமமும் இல்லை, ஆகவே பரிமாற்றமும் சரக்கு உற்பத்தியும் எப்போதும் இருந்தே தீர வேண்டும் என்றார் அவர். சேலத்துக்காரர்களுக்கு இது உடனே புரியும். கஞ்சமலையின் காந்தக் கல்லை உருக்கி இரும்பாக்கிய உலைகள் தங்கள் ஊர்க் கொழுமுனைக்காக மட்டும் எரியவில்லை. அந்த இரும்பு வேலி தாண்டிப் போனது. 1830களில் ஹீத் என்ற முன்னாள் கம்பெனி அதிகாரி சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்து நொடித்ததும் இதே கதையின் வால்தான். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய உருக்காலை, அந்தத் தாதுவைத் தொடாமலே துருப்பிடிக்காத எஃகுத் தகடு தயாரிக்கும் ஆலையாக முடிந்தது இன்னொரு வேடிக்கை.

கிஸ்தி என்ற ரொக்கம்

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ, மக்லியாட், கிரஹாம் ஆகிய ராணுவ அதிகாரிகளும் நிலத்தை அளக்கத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் தென்னிந்தியா முழுவதும் பரவிய ரயத்துவாரி முறையின் பட்டறை சேலம்தான். இடைத்தரகர் இல்லாமல் அரசு உழவனிடமே நேராக வரி வாங்கும், வயல் வயலாக அளந்து தரம் பிரித்துத் தீர்வை போடும், அதை ரொக்கமாக வசூலிக்கும். இன்றும் ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி அந்த ஆண்டுத் தீர்வையின் மிச்சம். ஜூலை 1ஆம் தேதி தொடங்கும் பசலி என்ற வருவாய் ஆண்டு அதைவிடவும் பழைய மிச்சம்.

நடுவில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியே வங்காளத்து ஜமீன்தாரி முறையைக் கம்பெனி இங்கேயும் திணித்தது. சேலத்தில் பழைய பெரும் ஜமீன்கள் போதாததால் கிராமங்களைச் சேர்த்துக் கட்டி ‘மிட்டா’ என்று பெயர் வைத்து ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் மிட்டாதார். தீர்வை ஏற்கெனவே உயர்ந்திருந்தது. மழை பொய்த்த ஆண்டில் பாக்கி ஏறியது, மிட்டா மறுபடியும் ஏலத்துக்கு வந்தது. பல மிட்டாக்கள் அரசிடமே திரும்பி ரயத்துவாரிக்குள் போயின. மிஞ்சியவற்றை 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் முடித்துவைத்தது. ஆகவே ஒரு மிட்டாதார் குடும்பத்தைக் காட்டி ‘இதோ நிலப்பிரபுத்துவத்தின் எச்சம்’ என்று எழுதுவது எளிது, தவறும்கூட. மிட்டா சந்தையில் ஏலம் விட்டு உண்டாக்கிய சொத்து, வயதில் ரயத்துவாரி அளவையைவிட இளையது. மார்க்ஸ் 1853 ஆகஸ்டில் இந்த இரண்டையும் ஒரே வீச்சில் கிண்டல் செய்தார். ஜமீன்தாரி ஆங்கில நிலவுடைமையின் கேலிச்சித்திரம், ரயத்துவாரி பிரெஞ்சு உழவர் உடைமையின் கேலிச்சித்திரம் என்றார். அவருடைய இந்தியக் கிராமச் சித்திரத்தைவிட இந்த ஒரு வரி சேலத்துக்கு அதிகம் பொருந்துகிறது.

இங்கே கேட்க வேண்டியது ‘நிலம் யாருடையது’ என்பதோடு நிற்பதில்லை. தீர்வை எந்த வடிவில், எந்த மாதத்தில் கேட்கப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. விளைச்சலில் பங்கு என்றால் விளையாத ஆண்டில் பங்கும் குறையும். ரொக்கம் என்றால் கிஸ்தி, அதாவது வரித் தவணைத் தேதிக்கு முன்பே தானியத்தை விற்றாக வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை விழும். விழுந்த விலைக்கு விற்றவர் சில மாதங்களில் ஏறிய விலைக்குத் திரும்ப வாங்குவார், அல்லது கடன் வாங்குவார். பட்டா உழவர் பெயரில்தான் இருக்கும், விளைச்சலோ களத்திலேயே வட்டிக்காரருக்குப் போய்விடும். தக்காணத்து மாவட்டங்களைப் பற்றி மார்க்சிய வரலாற்றாசிரியர் ஜைரஸ் பனாஜி 1977இல் எழுதியது இந்த நிலைமையைத்தான். உழவர் தன் நிலத்தில் தன் ஏரால் பழைய முறையில் உழுதுகொண்டே மூலதனத்தின் கீழ் வந்துவிடுகிறார். மார்க்ஸ் இதை வடிவளவிலான உட்படுத்தல் என்பார். வேலை செய்யும் முறை மாறாது, யாருக்காகச் செய்கிறோம் என்பது மாறிவிடும். இயந்திரம் வந்து வேலை முறையையே மாற்றி அமைத்தால் அது உண்மையான உட்படுத்தல். இந்த இரண்டு சொற்களும் கையில் இருந்தால் சேலத்தின் பாதிக் குழப்பம் தெளியும்.

1876–78 பஞ்சத்தை இந்த ரொக்கச் சங்கிலியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19.67 லட்சம் பேர் இருந்தனர். 1881இல் அது சுமார் 16 லட்சம். பத்தாண்டின் இயல்பான பெருக்கத்தைச் சேர்க்காமலே 3.67 லட்சம் குறைவு. இந்த எண் முழுவதையும் சாவு என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஊரை விட்டு வெளியேறியவர்களும் இதில் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போன தமிழ் மாவட்டங்களில் சேலத்துக்கு முக்கிய இடம் உண்டு, அப்போதைய சேலம் மாவட்டத்தில் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் அடங்கும். மழை பொய்த்ததால் விளைச்சல் போனது. ஆனால் தானியம் இருந்த இடத்திலும் வாங்கக் காசு இல்லாமல் ஜனம் செத்ததற்கு மழையைக் குற்றம் சொல்ல முடியாது.

தறிக்குத் திரும்பினால்

நெசவைப் பற்றிப் பேசும் எல்லாரும் ஒரு மேற்கோளோடு தொடங்குவார்கள்: பருத்தி நெசவாளரின் எலும்புகள் இந்தியச் சமவெளிகளை வெளுக்கச் செய்கின்றன என்பது. ‘மூலதனம்’ முதல் தொகுதியில், 1834–35இல் கவர்னர் ஜெனரல் சொன்னதாக மார்க்ஸ் அதைத் தருகிறார். அந்த அறிக்கையின் மூலத்தைப் பற்றி ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கைத்தறி முழுதாகச் சாகவில்லை என்பதுதான் பெரிய சிக்கல். சேலத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அப்படியென்றால் மார்க்ஸ் சொன்னது பொய்யா? இல்லை. அழிந்தது நூற்பு. கையால் நூற்ற நூலின் இடத்தை ஆலை நூல் பிடித்தது, முதலில் இங்கிலாந்தின் ஆலை, பிறகு இந்திய ஆலை. நெசவாளர் தப்பினார், ஆனால் நூலுக்காக ரொக்கம் வைத்திருப்பவரை நம்பி வாழும்படி தப்பினார். ‘பாவு யாருடையது’ என்ற கேள்விக்கு இன்றைய பதில் அப்போதே தயாராகிவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியின் 20ஆம் அத்தியாயம் போதும். பழைய உற்பத்தியிலிருந்து முதலாளித்துவத்துக்கு இரண்டு வழி இருப்பதாக மார்க்ஸ் அதில் சொல்கிறார். உற்பத்தி செய்பவரே வணிகராகவும் முதலாளியாகவும் வளர்வது ஒன்று. அதைத்தான் அவர் உண்மையில் புரட்சிகரமான வழி என்கிறார். வணிகர் உற்பத்தியைத் தன் கைக்குள் கொண்டுவருவது மற்றது. இந்த இரண்டாவது வழி பழைய முறையைக் கவிழ்க்காமல் பாதுகாத்து வைத்துக்கொள்ளும், ஏனென்றால் அதன் மேல்தான் லாபம் நிற்கிறது. நெசவாளர்களைச் சுதந்திரர்களாகவே விட்டுவிட்டு, கம்பளி விற்று, துணியை வாங்கிக் கட்டுக்குள் வைத்த 17ஆம் நூற்றாண்டு ஆங்கில ஜவுளி வணிகர் அவர் தரும் உதாரணம். 1946இல் மார்க்சியப் பொருளியலாளர் மோரிஸ் டாப் இந்தப் பத்தியை மையமாக்கி எழுதினார், 1950இல் இன்னொரு மார்க்சியப் பொருளியலாளர் பால் சுவீசி மறுத்தார், விவாதம் உலகம் சுற்றியது. சேலத்துச் செவ்வாய்பேட்டையில் பாவு கொடுத்துச் சேலை வாங்கும் ஒருவருக்கு அந்த ஆங்கில வணிகரை அறிமுகம் செய்தால் தொழில் பேச இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் மட்டும்தான் தேவைப்படுவார்.

முதலாளி ஏன் தறிகளை ஒரே கொட்டகையில் சேர்க்கவில்லை? ‘பின்தங்கிய மனநிலை’ என்பது சோம்பேறி விளக்கம். கணக்குத்தான் காரணம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்விசை இருந்தால் 10 தொழிலாளர், இல்லாவிட்டால் 20 தொழிலாளர் என்ற அளவில் தொடங்கியது. தறிகள் வீடு வீடாகச் சிதறி இருந்தால் அந்த எண்ணிக்கை ஒருபோதும் எட்டாது. கட்டட வாடகை, மின்கட்டணம், தறியின் தேய்மானம் எல்லாம் நெசவாளர் தலையில். சந்தை மந்தமானால் ஆளை நிறுத்த நோட்டீஸ் வேண்டாம், அடுத்த பாவைக் கொடுக்காமல் இருந்தால் போதும். சிதறல்தான் இங்கே லாபத்தின் வடிவம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, முறையைக் கவனித்தால் போதும். ஒரு சேலைக்கு நூல், சாயம், ஜரிகை சேர்த்து 1,400 ரூபாய். நெசவுக் கூலி 1,000. முதலாளி கடைக்குக் கொடுக்கும் விலை 3,000. முதல் பார்வையில் நெசவாளருக்கு 1,000, முதலாளிக்கு 600. ஆனால் அச்சு, விழுது, நாடா, கயிறு, விளக்கு என்று ஒரு சேலைக்கு 50 ரூபாய் நெசவாளர் கையை விட்டுப் போகிறது. அது கூலியல்ல, அவர் போட்ட மாறா மூலதனம் (பொருளுக்கும் கருவிக்கும் போவது) திரும்பி வருவது. உண்மையான கூலி 950. மாறா மூலதனம் 1,450, மாறும் மூலதனம் (கூலிக்குப் போவது) 950, உபரி 600. உபரி வீதம் 600/950, அதாவது சுமார் 63 சதவீதம்.

அடுத்து நேரம். சேலைக்கு மூன்று நாள், நாளுக்கு 10 மணி, ஆக 30 மணி. அதில் ஒரு மணிக்குச் சுமார் 32 ரூபாய். தார் சுற்றியவர் நாளுக்கு மூன்று மணி உட்கார்ந்திருந்தால் 9 மணி கூடும். 39 மணிக்கு அதே 950 என்றால் மணிக்குச் சுமார் 24 ரூபாய். கூலி குறையவில்லை, இதுவரை கணக்கில் வராத ஆள் வந்திருக்கிறார். அடுத்து வேலை ஓடாத நாட்கள். ஒரு பாவில் ஆறு சேலை என்று வைத்தால் 18 நாள். அதன்பின் பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும், புதிய பாவுக்காகக் காத்திருக்க வேண்டும், மழையானால் தெருவில் விரித்துக் கஞ்சி போட முடியாது, தறிக்குழியில் ஈரம் ஏறும். மூன்று நாள் இதற்குப் போனால் 5,700 ரூபாய் 21 நாளுக்குப் பங்காகும், நாளுக்கு 271. ‘மூன்று நாளில் 950, நாளுக்கு 317’ என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மேடையில் ‘சுரண்டல் வீதம் 63 சதவீதம்’ என்று முழங்குவதும் பிழை. மார்க்சின் மதிப்பு சமூகத்துக்குத் தேவையான சராசரி உழைப்பு நேரத்தில் அளக்கப்படுவது. ஒரு சேலையின் சந்தை விலையில் அது அப்படியே தெரியாது. அந்த 600இல் வங்கி வட்டியும் கடை வாடகையும் விற்காமல் தங்கிய சரக்கின் நட்டமும் அடங்கும். சில்லறைக் கடை வைக்கும் லாபம் இதற்கு வெளியே இருக்கிறது. ஒரு தெருவின் கணக்கு உறவின் திசையைக் காட்டும், அளவைத் துல்லியமாகக் காட்டாது.

துண்டுக் கூலியைப் பற்றி ‘மூலதனம்’ முதல் தொகுதியின் 21ஆம் அத்தியாயம் சொல்வதை நெசவாளருக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. மேற்பார்வைக்கு ஆள் தேவையில்லை, தரத்தைத் துணியே காட்டிக்கொடுக்கும். இழை விட்டது, கறை பட்டது, அகலம் குறைந்தது என்று கூலியில் பிடிக்கலாம். கூலி குறைவாக இருப்பதால் நெசவாளர் தானாகவே நேரத்தை நீட்டுவார், நீட்ட நீட்ட மணிக் கூலி இறங்கும். இதோடு முன்பணமும் சேர்ந்தால் கட்டு இறுகும். கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிய தொகை தீரும்வரை வேறு முதலாளியின் பாவை ஏற்ற முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. ஆனால் முன்பணம் அடிமை முறியாக எழுதப்படுவதில்லை, கணக்கு நோட்டில் ஒரு வரியாகத்தான் இருக்கும்.

கூட்டுறவுச் சங்கம் இதற்கு மாற்றா? 1935இல் பிறந்த கோ-ஆப்டெக்ஸும் அதன் கீழுள்ள சங்கங்களும் வணிகரின் இடத்தில் சங்கத்தை வைத்தன. பாவு இப்போது சங்கத்துடையது. மார்க்ஸ் கூட்டுறவு ஆலைகளைப் பழைய வடிவத்துக்குள் புதியதின் முதல் முளை என்றார், ஆனால் அவை பழைய முறையின் எல்லாக் குறைகளையும் தம்மோடு கொண்டுவரும் என்றும் சேர்த்தே சொன்னார். சேலத்தில் இரண்டு பாதியும் உண்மை. கூலி விகிதம் எழுத்தில் இருக்கும், போனஸும் சேமிப்பு நிதியும் உண்டு. சரக்கு தேங்கினால் சங்கமும் பாவு கொடுக்காது.

விசைத்தறி வந்தபின் கதை முடிந்துவிடவில்லை. கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்கள் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 22ஆக இருந்து 11ஆகச் சுருங்கின. இளம்பிள்ளை வட்டாரத்தில் சேலை விசைத்தறியில் ஓடுகிறது. வேகத்தை இயந்திரம் தீர்மானிக்கிறது, நிற்கும் ஆளின் கை அதைத் தொடர்கிறது. வேலை முறையைப் பார்த்தால் இது உண்மையான உட்படுத்தல். ஆனால் நான்கு தறி போட்டு, கடன் வாங்கி, மீட்டரைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் கொட்டகைக்காரரிடம் அதே பழைய கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பல நேரம் பாவு அவருடையதும் இல்லை. அவரும் கூலிக்குத்தான் ஓட்டுகிறார், அவருக்குக் கீழே இன்னொருவர் கூலிக்கு நிற்கிறார். அவரை முதலாளி என்று எழுதுவதா, தொழிலாளி என்று எழுதுவதா? விசைத்தறிக் கூலிப் போராட்டங்கள் நடக்கும்போதெல்லாம் தொழிற்சங்கங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

மலை மேல்

சேர்வராயன் மலையில் மார்க்சியர்களுக்கு ஒரு வலை விரித்திருக்கிறது. சமவெளியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மலையாளிப் பழங்குடிகளின் (கேரளத்தவரல்ல) ஊருக்குள் போனதும், சங்க இலக்கியத்தின் குறிஞ்சி உயிரோடு நிற்பதாகத் தோன்றும். திணைக் கோட்பாட்டைச் சமமற்ற வளர்ச்சியின் வரைபடமாகப் படித்துக் கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய கட்டுரை தமிழ் மார்க்சிய ஆய்வின் சாதனைகளில் ஒன்று. நா. வானமாமலையின் ‘ஆராய்ச்சி’ இதழும் கைலாசபதியின் வீரயுகக் கவிதை ஆய்வும் அதே காலத்தின் பயிர். ஆனால் இன்றைய மலை மக்களை அந்தக் குறிஞ்சியாக எண்ணுவது பிழை. மலையாளிகள் தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கதை சொல்கிறார்கள். ஏர் பூட்டிச் சாமையும் கேழ்வரகும் விளைவித்தவர்கள், கவுண்டர் என்று பட்டம் சொல்லிக்கொள்பவர்கள். கதையை அப்படியே வரலாறாக ஏற்க வேண்டியதில்லை, ஆனால் ஆதிப் பொதுவுடைமையின் எச்சமென்று அருங்காட்சியகத்தில் வைக்கவும் அவர்கள் இடம் தரவில்லை.

மலையில் நடந்தது வேறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி போட்டார். காப்பிச் செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும், அதுவரை கூலி கொடுத்துத் தாங்கும் பணம் வேண்டும், நிலம் வேண்டும், ஆள் வேண்டும். பணமும் நிலமும் துரைகளுக்குச் சிக்கலாக இல்லை. ஆள்தான் சிக்கல். ‘மூலதனம்’ முதல் தொகுதியின் கடைசி அத்தியாயம் இதைப் பற்றியதுதான். நிலம் எளிதாகக் கிடைக்கும் இடத்தில் யாரும் கூலிக்கு நிற்க மாட்டார்கள், ஆகவே நிலத்தை எட்டாத பொருளாக்கு என்று குடியேற்றத் திட்டம் போட்ட வேக்பீல்டை மார்க்ஸ் அதில் பிடித்துக்கொள்கிறார். சாமைக் காடு கையில் இருக்கும் மலையாளி ஆண்டு முழுதும் எஸ்டேட்டில் நிற்கத் தேவையில்லை. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காட்டைச் சுற்றிக் கோடு போட்டபின் ஆடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் காடு திருத்தவும் இருந்த வழி சுருங்கியது. கூலியின் மேல் சார்பு அந்த அளவுக்குக் கூடியது. தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் மேஸ்திரி, கட்டிப்போட்டது முன்பணம், காவலுக்கு நின்றது 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கிய தொழிலாளி ஓடிப்போனால் அது சிவில் வழக்கல்ல, சிறைக்குரிய குற்றம். அந்தச் சட்டம் 1925இல்தான் நீங்கியது. தோட்டத் தொழிலாளர் சட்டம் வர 1951 ஆனது.

உழைப்பவரை நிலத்திலிருந்து பிரித்துக் கூலிக்கு நிற்க வைப்பதை மார்க்ஸ் ஆதித் திரட்டல் என்றார். அது ஒருநாள் வந்து வேலியடைத்துவிட்டுப் போவது என்ற எண்ணம் இங்கே உதவாது. கோடு போடுவது, வரி போடுவது, முன்பணம் கொடுப்பது என்று அறுபது எழுபது ஆண்டு இழுத்த வேலை அது.

சாதி என்ற இடறல்

நெசவுத் தெருக்களைத் தேவாங்கர், செங்குந்தர், சௌராஷ்டிரர் என்று சொல்லாமல் சேலத்தில் வர்க்க ஆய்வு நடத்த முடியாது. ‘பொருளாதார அடித்தளம் மாறினால் மேற்கட்டுமானம் தானே மாறும், சாதி மேற்கட்டுமானம்’ என்ற பழைய சூத்திரம் இங்கே அடி வாங்குகிறது. யார் பாவு கொடுப்பார், யாருக்குக் கடன் கிடைக்கும், யார் தறியில் உட்கார முடியும், யார் வெளியிலேயே நிற்க வேண்டும் என்பதை எல்லாம் சாதி தீர்மானித்த காலம் நீண்டது. அப்படியென்றால் சாதி உற்பத்தி உறவுக்குள்ளேயே இருக்கிறது. சாதி உழைப்பின் பிரிவினை மட்டுமல்ல, உழைப்பாளர்களின் பிரிவினை என்று 1936இல் அம்பேத்கர் சொன்னது மார்க்சியர்கள் தாங்களே சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். எங்கெல்ஸ் 1890இல் ஜோசப் பிளாக் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், பொருளாதாரம் மட்டுமே தீர்மானிப்பது என்று திரிப்பவர்களைக் கண்டித்து வாசலைத் திறந்துதான் வைத்திருந்தார். உள்ளே போகத் தாமதமாயிற்று.

கம்யூனிஸ்ட் அறிக்கையின் தொடக்கப் பகுதி 1931 அக்டோபரில் ‘குடி அரசு’ இதழில் தமிழில் வந்தது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்டில், இதே சேலத்து மாநாட்டில். 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். பத்தொன்பது ஆண்டுக்குள் அடங்கும் இந்த மூன்று நாட்களையும் ஒரே கட்டுரையில் வைத்து எழுதும் வழக்கம் இரு தரப்பிலும் குறைவு. வர்க்கத்தை எழுதியவர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் எடுத்துக்கொண்டார்கள், சாதியை எழுதியவர்கள் நடுவில் உள்ளதை.

சேலத்தில் இப்படி ஓர் ஆய்வைத் தொடங்குகிறவருக்குச் சான்றுகள் குறைவில்லை. ரீடும் மன்றோவும் எழுதிக் குவித்த பாராமகால் ஆவணங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொகுதிகளாக அச்சாகின. லெ ஃபானுவின் 1883 மாவட்டக் கையேடும் ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியரும் நூலகங்களில் கிடைக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகள் இருக்கின்றன. இவை எல்லாமே வரி வாங்கியவர் எழுதியவை என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் நினைவில் வைக்க வேண்டும். ‘சோம்பேறி உழவர்’ என்று ஒரு கலெக்டர் எழுதியிருந்தால் அந்த ஆண்டின் தீர்வையையும் தானிய விலையையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தாலுகாவில் ‘அ’ பதிவேடு பட்டாதாரரைச் சொல்லும், அடங்கல் பயிரைச் சொல்லும், விளைச்சல் யாரிடம் போனது என்பதை இரண்டும் சொல்லாது. அதற்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தின் அடமானப் பத்திரங்களுக்குப் போக வேண்டும்.

நெசவுக்கு 1942இல் வந்த கைத்தறி–ஆலை உண்மையறியும் குழுவின் அறிக்கை நல்ல தொடக்கம். சுதந்திர நெசவாளர், முதலாளியின் கீழ் நெய்பவர், கொட்டகையில் கூலிக்கு நெய்பவர் என்ற பிரிவு அதிலேயே உண்டு. பிந்தைய கைத்தறிக் கணக்கெடுப்புகளும் அந்தப் பிரிவை ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்கின்றன. ஆனால் அவற்றில் தறியில் உட்காருபவர் ‘நெசவாளர்’, தார் சுற்றுபவர் ‘துணைத் தொழிலாளர்’. வீட்டுக்குள் போகும் ஆய்வாளர் கேள்வித்தாளை முதலில் தறியிடம் நீட்டாமல் ராட்டையிடம் நீட்டினால் வேறு பதில்கள் வரும். நாளுக்கு எத்தனை தார், எத்தனை மணி, கூலி வாங்க முதலாளி வீட்டுக்குப் போவது யார், நோட்டில் பெயர் யாருடையது, கடைசியாக முன்பணம் எப்போது வாங்கியது, எதற்கு. கடைசிக் கேள்விக்கு ஆண்கள் தொகையைச் சொல்வார்கள். பெண்கள் காரணத்தையும் தேதியையும் சொல்வார்கள்.